வெளிமானும் தரிசு நிலமும்: ஒரு மானியப் படிவத்தை நிரப்பப் போன கதை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற வழியில் உள்ளே விலகிப் போனால் வரும் ஒரு சின்னக் கரிசல் கிராமம். ஊருக்கு மேற்கே நாற்பது ஏக்கர் சொச்சம் பொதுநிலம் கிடக்கிறது. மழை பெய்தால் மூன்று மாதம் புல், மற்ற மாதங்களில் வெடித்துக் கிடக்கும் மண். நடுவில் ஒரு ஓடை, அங்கங்கே நாலு உடைமரம். ஒரு மூலையில் பையன்கள் ஹாக்கி மட்டையோடு ஓடுவார்கள். (கோவில்பட்டிப் பக்கம் கிரிக்கெட்டுக்கு நிகராக ஹாக்கியும் உண்டு. வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.)

ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. பசுமை வளர்க்கவும் மக்கள் பொழுதுபோக்கவும் அரசு மானியம் தருகிறது, இந்த நிலத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று. கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்பது ஊரின் நம்பிக்கை. படிவம் என்னிடம் வந்தது.

திண்ணையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். "நிலத்தின் தற்போதைய நிலை" என்ற கேள்விக்குக் கீழே நாலு பதில்கள். தரிசு, சீரழிந்த காடு, ஆக்கிரமிப்பு நிலம், சீமைக் கருவேலம் சூழ்ந்தது. "உத்தேசிக்கும் பணி" என்ற கேள்விக்கு மூன்று. மரக்கன்று நடுதல், குறுங்காடு, பூங்கா மற்றும் நடைபாதை. வேறு எதையும் தட்டச்சு செய்ய முடியாது.

நான் "தரிசு" என்று தேர்ந்தெடுக்கப் போகும்போது, பக்கத்தில் இருந்த சித்தப்பா எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுபது வயது. இன்னும் முப்பது ஆடு வைத்திருக்கிறார்.

"ஏய்யா, அதப் போயி தரிசுங்கியே. நம்ம ஆடு இத்தன வருசம் என்னத்தத் தின்னுச்சு?"

"சித்தப்பா, ரெக்கார்டுல அப்படித்தான இருக்கும்."

"ரெக்கார்டு கெடக்கட்டும். அங்கன பூரா மரத்த வச்சிட்டா ஆடு எங்கய்யா மேயும்? உச்சாணிக் கொப்புலயா?"

நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

"தரிசு" யார் வைத்த பெயர்?

அன்று ராத்திரியே ஊரின் அ-பதிவேட்டை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். நிலத்தின் ஒரு பாதி "மேய்க்கால் புறம்போக்கு". மறுபாதி "தீர்வை ஏற்படாத தரிசு". பக்கத்துச் சர்வே எண்களில் "தீர்வை ஏற்பட்ட தரிசு" என்று சில உண்டு.

இந்த மூன்று பெயர்களுமே வரிக் கணக்கிலிருந்து வந்தவை. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்தபின் திருநெல்வேலிச் சீமை முழுக்கக் கும்பினி கைக்குப் போனது. ஒரு பகுதி ரயத்துவாரி முறையில் நேரடியாக வந்தது. எட்டயபுரம் போன்றவை நிரந்தரத் தீர்வையின் கீழ் ஜமீன்களாக ஆயின. ரெண்டு முறையிலும் நிலத்தைப் பார்த்து முதலில் கேட்கப்பட்ட கேள்வி, "இது எவ்வளவு கிஸ்தி கட்டும்?" என்பதுதான். கட்டக்கூடியது பட்டா நிலம். கட்ட வாய்ப்பிருந்தும் யாரும் உழாதது தீர்வை ஏற்பட்ட தரிசு. கட்டவே கட்டாது என்று விடப்பட்டது தீர்வை ஏற்படாத தரிசு. குளம், பாதை, சுடுகாடு, மேய்ச்சல் என்று பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது புறம்போக்கு.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த வகைப்பாட்டில் எங்கேயும் நிலத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வியே இல்லை. புல் இருக்கிறதா, எத்தனை ஆடு மேய்கிறது, என்ன பறவை முட்டையிடுகிறது என்பதற்குப் பத்தியே கிடையாது. என் தொழிலில் இதை நாங்கள் தினமும் பார்ப்போம். டேட்டாபேஸில் ஒரு விஷயத்துக்குக் காலம் இல்லை என்றால், அந்த மென்பொருளைப் பொறுத்தவரை அப்படி ஒரு விஷயமே உலகத்தில் இல்லை.

ஆனால் நிலத்தில் எல்லாம் இருந்தது. வேம்பூர் ஆடு என்று ஒரு செம்மறி இனம் உண்டு, வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகளோடு. நம்ம விளாத்திகுளம் பக்கத்து வேம்பூரின் பெயர்தான் அது. கீழக்கரிசல் என்று இன்னொரு செம்மறி இனம், கன்னி ஆடு, கொடி ஆடு என்று ரெண்டு வெள்ளாட்டு இனங்கள். நாலுமே தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் சுற்றுவட்டாரத்து வறண்ட மேய்ச்சலில் உருவானவை. அறுவடை முடிந்த புஞ்சையில் ராத்திரி ஆட்டுக் கிடை போட்டால் அதுதான் அடுத்த வெள்ளாமைக்கு உரம். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து என்ற மானாவாரிச் சக்கரம் கிடை இல்லாமல் சுற்றியிருக்காது. இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் "கிடை" என்று ஒரு குறுநாவலே எழுதியிருக்கிறார். அந்தக் கிடை ஆடுகள் பகலில் மேய்ந்தது, பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில்.

1948இல் மதராஸ் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன்கள் போனது நல்ல காரியம், அதில் ரெண்டு கருத்து இல்லை. கூடவே ஜமீன் கிராமங்களின் பொது நிலங்களும் புறம்போக்குகளும் அரசின் உடைமை ஆயின. அதுவரை "ஊர் மந்தை" என்று இருந்தது "சர்க்கார் நிலம்" ஆனது. இனிமேல் அதற்கு என்ன செய்வது என்பதைத் தீர்மானிப்பவர் வேறு ஆள்.

வெளியில் வாழும் மான்

இந்த நிலத்தில் ஆடு மட்டும் மேயவில்லை. முறுக்கிய கொம்பு, கருத்த முதுகு, வெள்ளை வயிறு கொண்ட ஒரு மான் உண்டு. தமிழில் அதற்குப் பெயர் வெளிமான். வெளியில் வாழ்வதால் வெளிமான். குட்டைப் புல்லைத் தின்னும், தூரத்திலேயே எதிரியைப் பார்க்கும், பார்த்ததும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அடர்ந்த மரக்கூட்டத்துக்குள் அதனால் பார்க்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அதன் ஒரே பாதுகாப்பு மொட்டையான நிலம்தான்.

அதே மாதிரி, குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பூனைப்பருந்துகள். பருந்து என்றாலும் இவை ராத்திரி மரத்தில் அடைவதில்லை. புல்வெளியில் தரையிலேயே கூட்டமாக உட்கார்ந்து தூங்கும். ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். வானம்பாடியும் தரையில்தான் கூடு வைக்கும். இந்த உயிர்கள் எல்லாவற்றுக்கும் மரம் என்பது வரம் இல்லை. பல நேரம் அது இடைஞ்சல்.

நமக்குக் காடு என்றால் மரம், மரம் என்றால் நல்லது. பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான் படித்தோம். நானும்தான்.

பணம் வருகிறது, மரமாக

வறண்ட சீமைக்கு வெளியிலிருந்து மரம் கொண்டுவரும் யோசனை பழையது. 1876இல் மதராஸ் மாகாண வன அதிகாரி கர்னல் பெடோம், சீமைக் கருவேல விதை வேண்டும் என்று வருவாய்த் துறைக்கு எழுதினார். அதே வருடம்தான் தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது. விறகில்லாத சீமைக்கு விறகு தரும் மரம் என்பது அன்று நியாயமான எண்ணமாகவே இருந்திருக்கும். அந்த மரம் இன்று தென்மாவட்டங்களில் என்ன செய்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. மறுபக்கமும் உண்டு. விளாத்திகுளம் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்குக் கரிமூட்டம்தான் சோறு போட்டது.

பெரிய அளவில் பொதுப்பணம் வந்தது 1981இல். தமிழ்நாடு சமூகக் காடுகள் திட்டம். பணம் கொடுத்தது ஸ்வீடன் அரசின் உதவி நிறுவனமான சீடா. கிராமத்துக்கு விறகும் தீவனமும் கிடைக்க வேண்டும், வருமானத்தில் பஞ்சாயத்துக்குப் பங்கு போக வேண்டும் என்பது நோக்கம். நடைமுறையில் அதன் முக்கிய வேலை கண்மாய் உள்வாய்களில் நாட்டுக் கருவேலம் வளர்ப்பதாக இருந்தது. 1985இல் ராஜீவ் காந்தி அரசு தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது. வருடத்துக்கு 50 லட்சம் ஹெக்டேரில் மரம் வளர்ப்பது இலக்கு. வாரியத்தின் பெயரிலேயே "தரிசு" இருப்பதைப் பாருங்கள். வெள்ளைக்காரன் வரி கட்டாத நிலத்துக்கு வைத்த பெயர், சுதந்திர இந்தியாவில் ஒரு வாரியத்தின் பெயர்ப்பலகையில் வந்து உட்கார்ந்துவிட்டது. இடையில் அர்த்தமும் மாறிப்போனது. "வரி வராத நிலம்" என்பது "வீணாய்ப் போன நிலம்" ஆனது. வீணாய்ப் போனதைச் சரிசெய்யத்தானே மானியம்?

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கண்மாயில் நட்ட கருவேலம் பல ஊர்களில் பறவைகளுக்கு வீடானது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் போயிருக்கிறீர்களா? 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பிறகு ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களிலும், ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலும் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவை எச்சம் சேர்ந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆக, தண்ணீருக்குள் நிற்கும் கருவேலம் நாரைக்குக் கூடு. அதே கருவேலத்தை மேய்ச்சல் வெளியில் நட்டால் வெளிமானுக்குச் சுவர். மரத்தின் மேல் குற்றமில்லை. திட்டத்துக்கு ரெண்டு இடங்களையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியவில்லை. அதற்குத் தெரிந்த அளவுகோல் ரெண்டுதான்: நட்ட கன்று எத்தனை, பிழைத்தது எத்தனை.

வல்லநாடு, 1987

ஒரு விதிவிலக்கு நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் வல்லநாட்டுக் குன்று. 1987இல் அங்கே 16.41 சதுர கிலோமீட்டர் வெளிமான் சரணாலயம் ஆனது. தூத்துக்குடி மாவட்டம் பிறந்து ஒரு வருடம்கூட சரியாக ஆகவில்லை அப்போது. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுதான்.

பஸ்ஸில் போகும்போது பார்த்தால் என்ன தெரியும்? கல்லு, முள்ளு, உடைமரம், அங்கங்கே காய்ந்த புல். பதிவேட்டுக் கண்ணுக்கு அது அசல் தரிசு. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்திருந்ததால், அந்தக் கல்லும் முள்ளும் "வாழிடம்" என்ற புதுப் பெயரைப் பெற்றது. பெயர் மாறியதும் பணம் வரும் வழியும் மாறியது.

சரணாலயங்களுக்கு மத்திய அரசுப் பணம் எப்படி வருகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மாநில வனத்துறை ஒவ்வொரு வருடமும் ஒரு பணித் திட்டம் தயாரித்து டெல்லிக்கு அனுப்பும். தண்ணீர்த் தொட்டி, தீத்தடுப்புக் கோடு, காவலர் சம்பளம், அந்நியச் செடி அகற்றுதல் என்று இனம் இனமாக. ஒப்புதலான தொகையில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்பது தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கான பங்கு. இந்தத் திட்டம் முன்பு தேசியப் பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் மட்டும்தான். 2008-09இல் அதை விரித்து, "வனவிலங்கு வாழிடங்களின் ஒருங்கிணைந்த மேம்பாடு" என்று பெயர் வைத்து, சரணாலயத்துக்கு வெளியே இருக்கும் உயிரினங்களுக்கும் செலவு செய்யலாம் என்றார்கள்.

வல்லநாட்டில் செலவாகும் பணத்துக்குக் கேட்கப்படும் கேள்வி "மான் எத்தனை?" என்பது. அங்கிருந்து வடக்கே வந்தால் எங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தில் செலவாகும் பணத்துக்குக் கேட்கப்படும் கேள்வி "மரம் எத்தனை?". ரெண்டு நிலத்திலும் வளர்வது ஏறக்குறைய ஒரே புல், ஒரே முள். வேறுபாடு, எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதில்தான்.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்?

வெளியூர் உதாரணம் ஒன்று. பெருமை பேச இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க.

1930களில் அமெரிக்கச் சமவெளிகளில் உழுத மண் காற்றில் பறந்துகொண்டிருந்தது. வாத்தும் மானும் வான்கோழியும் அருகிப்போயின. 1937இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் கொண்டுவந்தார்கள். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரி நேரே வனவிலங்கு வாழிடத்துக்குப் போகும். மாநிலத்தின் பரப்பளவையும், வேட்டை உரிமம் எடுத்தவர்களின் எண்ணிக்கையையும் வைத்துப் பங்கு பிரிப்பார்கள். செலவில் முக்கால் பங்கு மத்திய அரசு, கால் பங்கு மாநிலம். ஒரு நிபந்தனை உண்டு. வேட்டை உரிமக் கட்டணத்தை மாநிலம் வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது. திருப்பினால் இந்தப் பணம் கிடையாது.

1965இல் நில, நீர்ப் பாதுகாப்பு நிதி என்று இன்னொன்று தொடங்கினார்கள். கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் அரசுக்குக் கட்டும் பணத்திலிருந்து பூங்கா, விளையாட்டு மைதானம், ஏரிக்கரை, காட்டுப்பாதை இவற்றுக்கு மானியம். பாதியை உள்ளூர் நிர்வாகம் போட வேண்டும். இதுவரை 40,000க்கும் மேற்பட்ட மாநில, உள்ளூர்த் திட்டங்களுக்கு இதில் பணம் போயிருக்கிறது. 2020இல் வருடத்துக்கு 90 கோடி டாலர் என்று நிரந்தரமாக்கினார்கள்.

இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு பிரிவு. இந்த நிதியில் ஒரு டாலர் வாங்கி மேம்படுத்திய இடம்கூட என்றைக்கும் மக்கள் வெளியில் பொழுதுபோக்கும் இடமாகவே இருக்க வேண்டும். வேறு உபயோகத்துக்கு எடுத்தால், அதே மதிப்புள்ள, அதே பயன் தரும் இன்னொரு நிலத்தைக் கொடுத்தாக வேண்டும். அதாவது மானியம் நிலத்தின் மேல் ஒரு பூட்டைப் போடுகிறது.

அங்கேயும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. வேட்டைக்காரன் பணம் வேட்டை மிருகத்துக்கே அதிகம் போனது. மானும் வான்கோழியும் மீண்டன. யாரும் சுடாத சின்னச் சின்னப் புல்வெளிக் குருவிகளுக்கு வெகுகாலம் பணம் சரியாக வரவில்லை. ஆக, பணம் எந்தப் பத்தியின் கீழ் வருகிறதோ அந்தப் பத்திக்குத்தான் விசுவாசமாக இருக்கும். அமெரிக்காவானாலும் சரி, எட்டயபுரமானாலும் சரி.

இன்று பெயர் வைப்பது யார்?

2019இல் வெளியான இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு நாட்டில் ஏறக்குறைய 5.57 கோடி ஹெக்டேரைத் தரிசு என்று கணக்கிடுகிறது. அதில் 23 வகைகள். புதர் நிலம் ஒரு வகை, சீரழிந்த மேய்ச்சல் நிலம் இன்னொரு வகை. வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த படம்தான், தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் படத்துக்குக் கொடுத்த பெயர் முன்ரோ காலத்து மேசையிலிருந்து வந்தது.

பெயர் இருந்தால் பணமும் பின்னாலேயே வரும். காடழிப்புக்கு ஈடாக வசூலித்த காம்பா நிதியிலிருந்து 2019 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 2023இல் பசுமைக் கடன் திட்டம் வந்தது. 2024 பிப்ரவரி அறிவிப்பின்படி, புதர்க்காடு, தரிசு போன்ற இடங்களில் ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் வளர்த்தால், மரத்துக்கு ஒரு கடன் புள்ளி. ஏக்கர் கணக்கில் 445 மரம். எங்கள் மேய்ச்சலில் 445 மரம் நின்றால் சித்தப்பாவின் ஆட்டுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. விமர்சனம் எழுந்தபின் 2025இல் விதியைத் திருத்தினார்கள். இப்போது ஐந்து வருடம் கழித்து மர நிழல் 40 சதவீதமாவது மூடியிருக்க வேண்டும். திருத்தியும் மரம்தான் அளவுகோல்.

பெயர் ஒரு நிலத்தை எடுத்துக்கொடுக்கும் என்றால், காப்பாற்றவும் செய்யும். ரெண்டு உதாரணம் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஒன்று, தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். கோயிலைச் சுற்றி நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்களே முனைந்து, 2005இல் அது தமிழ்நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகம் ஆனது. பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. சரணாலயத்துக்குப் பெரிய காடு வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள். வனவிலங்குச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தம்தான் இதற்கு வழி திறந்தது.

இன்னொன்று, மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தது. மக்கள் போராடினார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஜெயித்தது மக்கள்தான். ஆனால் "இது ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட தலம்" என்று எடுத்துக் காட்ட அவர்கள் கையில் ஒரு காகிதம் இருந்தது. எங்கள் ஊர்க்காரர் கையில் இருக்கும் காகிதத்தில் "தரிசு" என்றல்லவா இருக்கிறது? நாளைக்கு யாராவது தகடு போடவோ காற்றாடி நடவோ வந்து "சும்மா கிடக்கிற நிலம்தானே" என்றால், அந்தக் காகிதம் அவர்களுக்குத்தான் சாட்சி சொல்லும்.

மொட்டை வெளியைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் புனே வனத்துறை பாராமதி, இந்தாபூர் பக்கம் "புல்வெளி சஃபாரி" நடத்துகிறது. காசு கட்டி மக்கள் ஓநாயையும் சிங்காரமான்களையும் பார்க்கப் போகிறார்கள். குஜராத்தில் பாவ்நகர் மகாராஜாவின் புல்வெளியாக இருந்த வேலாவதார், 1976இல் வெளிமானுக்கான தேசியப் பூங்கா ஆனது. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் கூட்டமாக அங்கே தரையில் அடையும். வெறும் புல்தான், அதைப் பார்க்க உலகமெங்கும் இருந்து ஆள் வருகிறது. 2026ஆம் ஆண்டையே மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சலாளர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது.

படிவத்தில் என்ன எழுதினேன்

மறுநாள் காலையில் சித்தப்பாவோடு மேற்கே நடந்தேன். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டேன். ரெண்டு மணி நேரம். அவர் சொல்லச் சொல்ல எழுதியது: கொழுக்கட்டைப் புல் எங்கே கனமாக வரும், ஓடையில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும், எந்தப் பக்கம் சீமைக் கருவை ஏறி வருகிறது, ஆட்காட்டி முட்டை வைக்கிற கல்தரை எது, எந்த ஊர் ஆடு எந்த மாதம் வரும். பதிவேட்டில் இல்லாத பத்திகள் எல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. அவருக்கு அப்புறம் அதைச் சொல்ல ஊரில் இன்னும் ரெண்டு பேர்தான் மிச்சம்.

வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன். உடனே சண்டை. "வர்ற மானியத்தை எதுக்கு விடணும்?" என்றார்கள் பையன்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. சாயங்காலம் நடக்க ஒரு பாதை வேண்டும், பெண்பிள்ளைகள் விளையாட ஒரு பத்திரமான இடம் வேண்டும். அதை மறுக்க நான் யார்? ஊரைவிட்டுப் போய் இருபது வருடமாகிறது.

கடைசியில் பேசி முடித்தது இதுதான். ஊரை ஒட்டிய நாலு ஏக்கரில் மைதானமும் நடைபாதையும். ஓடைக்கரையில் மட்டும் உடையும் வேம்பும் நாட்டுக் கருவேலமும். ஏறி வரும் சீமைக் கருவையைத் தூரோடு எடுப்பது. மிச்ச நிலம் புல்லாகவே இருக்கும். நிலத்தின் நிலை என்ற கேள்விக்கு வேறு வழியில்லாமல் "சீமைக் கருவேலம் சூழ்ந்தது" என்று தேர்ந்தெடுத்தேன், அது ஒரு ஓரத்துக்கு உண்மையும்கூட. கூடவே தனியாக ரெண்டு பக்கக் கடிதம். "இந்த நிலம் தரிசு இல்லை. ஆடு மேயும் புல்வெளி. இதில் மரம் நட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்" என்று முதல் வரி. கீழே நாற்பத்தோரு கையெழுத்து, பதினொரு கைநாட்டு.

விண்ணப்பம் அனுப்பி நாலு மாதமாகிறது. ஒருமுறை போன் வந்தது. "சார், மரக்கன்று எண்ணிக்கைங்கிற இடத்துல 120னு போட்டிருக்கீங்க. 12,000ஆ?" என்று கேட்டார்கள். 120 தான் என்றேன். சரி, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அதற்கப்புறம் போன் இல்லை.

உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். உங்கள் ஊரின் அ-பதிவேட்டை இணையத்தில் எடுத்து, "தீர்வை ஏற்படாத தரிசு" என்று வரும் சர்வே எண் ஒன்றைப் பிடியுங்கள். லீவுக்குப் போகும்போது ஆடு மேய்க்கிற ஒருத்தரோடு அங்கே நடந்துவிட்டு வாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எழுதினால், அடுத்த கட்டுரையில் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுகிறேன்.